குகைக் கல்முளையில் பழைய மழைக்குத் தேதி போடுவது எப்படி?

பத்துமலைப் படியேறி மேலே போகிறவர்கள் பெரும்பாலும் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். தொங்கும் கல்விழுதுகள் கண்ணை இழுக்கும். எனக்கு வேண்டியது அதற்கு நேர் கீழே, தரையிலிருந்து எழும்பி நிற்கும் கல்முளை. பாடப்புத்தகத்தில் ஸ்டாலக்மைட் என்று போட்டிருக்கும். கோலாலம்பூரில் ஒரு நிலவியல் ஆய்வகத்தில் இந்தக் கற்களை அறுப்பதும் பொடியெடுப்பதும் அமிலத்தில் கரைப்பதும் என் வேலை. இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு தேடும் பருவத்தில் வந்து, "அக்கா, இந்தக் கல்லை வச்சு அந்தக் காலத்து மழையை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் மாமாக் கடையில் தே தாரேக் தேநீர் ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் கேள்விகள் இரண்டு. இந்த அடுக்கு எப்போது படிந்தது? அது படிந்தபோது மழை எப்படி இருந்தது? முதல் கேள்விக்கு யுரேனியமும் தோரியமும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு ஆக்சிஜனும் கார்பனும் மக்னீசியமும் குறிப்புத்தான் கொடுக்கும். பதிலை நீங்கள்தான் வாதாடி நிறுவ வேண்டும். மாணவர்கள் முதல் கேள்வியின் வேதியியலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது எப்போதும் இரண்டாவதுதான்.

கல் எப்படி வளர்கிறது

மழைநீர் காட்டு மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லின் பிளவுகள் வழியே கல்லைக் கரைத்துக்கொண்டே கீழே வருகிறது. குகைக் காற்றில் இருக்கும் கரியமில வாயு, மண்ணுக்குள் இருப்பதைவிட மிகக் குறைவு. அதனால் சொட்டு குகைக்குள் எட்டிப் பார்த்ததும் வாயுவை விட்டுவிடுகிறது. வாயு போனபின் அவ்வளவு சுண்ணாம்பையும் நீரால் தாங்க முடியாது. மிச்சம் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகமாகப் படிகிறது. சொட்டு விழுந்து தெறிக்கும் இடத்தில் படிவது கல்முளை.

பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை வளரும். நம்முடைய வெப்பமண்டலத்தில் சில கற்கள் இன்னும் வேகம். ஆண்டுக்கு 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இடைவிடாமல் வளர்ந்த ஒரு மீட்டர் கல்லில் 20,000 ஆண்டு இருக்கிறது.

மலையின் வயதும் கல்முளையின் வயதும் வேறு வேறு. பத்துமலைச் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்து ஏறக்குறைய 40 கோடி ஆண்டு ஆகிறது. அதற்குள் சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை அந்தக் கணக்கில் நேற்றுப் பிறந்தவை. நாம் தேதி போடப் போவது இந்த நேற்றைய கற்களுக்கு.

பினாங்கு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தீவு முழுக்கக் கருங்கல். சுண்ணாம்புக் குகை வேண்டுமென்றால் ஈப்போ பக்கம் கிந்தா பள்ளத்தாக்குக்கோ, வடக்கே பெர்லிஸுக்கோதான் வண்டி ஏற வேண்டும்.

எந்தக் கல்லை எடுப்பது, எதைத் தொடவே கூடாது

கண்ணுக்கு அழகாக, மடிப்பு மடிப்பாக, யானைக்கால் போல் அகன்று கிடக்கும் கல் நமக்கு உதவாது. அதன் மேல் நீர் பல பக்கமாக ஓடியிருக்கும். எந்த அடுக்கு எதற்கு மேல் என்றே புரியாது. ஒல்லியாக, அடி முதல் நுனி வரை ஏறக்குறைய ஒரே தடிமனில், நேராக நிற்கும் கல்தான் வேண்டும். ஒரே இடத்தில், ஒரே மாதிரி, நெடுங்காலம் சொட்டு விழுந்திருக்கிறது என்பதற்கு அந்த வடிவமே சாட்சி.

இருக்கும் இடமும் முக்கியம். குகை வாயிலிலிருந்து உள்ளே தள்ளி, காற்றோட்டம் இல்லாமல், சுவரைத் தொட்டால் கை நனையும் அளவுக்கு ஈரப்பதம் உள்ள அறை வேண்டும். காற்று வீசினால் நீர் ஆவியாகும். ஆவியானால் ஆக்சிஜன் கணக்கு கெடும். வௌவால் எச்சம் குவிந்த அறைகளையும் தவிருங்கள். எச்சத்திலிருந்து வரும் அமிலம் படிந்த கால்சைட்டையே அரித்துவிடும். மலேசியக் குகைகளில் இந்தத் தொல்லை அதிகம்.

பத்துமலைக் கோயில் குகையை யாராவது ஆய்வுக்குச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. மேலே பெரிய திறப்பு, காற்று தாராளமாக வந்து போகிறது, விளக்குப் புகை, தைப்பூசத்தில் லட்சக்கணக்கில் மூச்சு விடும் கூட்டம். 1890களிலிருந்து வழிபாடு நடக்கும் இடம் அது. அறிவியலை ஓரமாக வைத்தாலும், சாமி இருக்கும் குகையில் ரம்பத்தோடு போய் நிற்க எனக்கு மனசு வராது. பக்கத்திலேயே இருக்கும் இருட்டுக் குகை இன்னும் பொருத்தமான சூழல்தான். ஆனால் அது பத்துமலையின் பெயரையே தாங்கிய பழமையான சிலந்தி இனம் ஒன்று வாழும் இடம், பாதுகாக்க வேண்டிய இடம்.

"ஒன்னே ஒன்னு எடுத்தா யாருக்குக்கா தெரியப் போகுது?" என்று ஒரு தம்பி கேட்டான். அனுமதி இல்லாமல் எடுத்த கல்லை வைத்து எழுதிய கட்டுரையை எந்த நல்ல ஆய்விதழும் வாங்காது என்று சொன்னதும் அடங்கிவிட்டான். சட்டம் பேசியிருந்தால் அடங்கியிருக்க மாட்டான். மலேசியாவில் நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. தேசியப் பூங்கா என்றால் அதற்குத் தனி அனுமதி. கல்லை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் அதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்க வேண்டும். இதற்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு வரிசை இப்படி: முதலில், ஏற்கெனவே உடைந்து விழுந்து கிடக்கும் கற்கள். அடுத்து, கல் உடைக்கும் குவாரிகளில் வெடி வைக்கும்போது வெளிப்படுபவை. எப்படியும் சிமெண்டாகப் போகப் போகிறவை. கடைசியாக, வேறு வழியே இல்லையென்றால், நிற்கும் கல். அப்போதும் முழுக் கல்லை உடனே எடுக்காதீர்கள். அடியில் விரல் தடிமனுக்கு ஒரு துளை போட்டு, வரும் துண்டின் வயதைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய காலத்தில் அது வளரவே இல்லையென்றால் துளையை அடைத்துவிட்டு விட்டுவிடலாம்.

கல்லைத் தொடும் முன் சொட்டைப் படியுங்கள்

பலர் தாண்டிக் குதிக்கும் படி இது. குறைந்தது ஒரு முழு ஆண்டு, முடிந்தால் இரண்டு மூன்று, நீங்கள் தேர்ந்தெடுத்த கல்லின் தலையில் விழும் சொட்டைக் கவனிக்க வேண்டும்.

நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணும் சிறு கருவிகள் இருக்கின்றன. மூடியின் மேல் சொட்டு விழும் ஒலியை வாங்கி எண்ணிக்கொள்ளும். அதைக் கல்லின் பக்கத்தில் அதே சொட்டுக்குக் கீழே வையுங்கள். மலைக்கு மேலே திறந்த வெளியில் ஒரு மழைமானி. கோலாலம்பூரில் சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டும் மழை குகைக்குள் எத்தனை நாள் கழித்து வந்து சேர்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில சொட்டுகள் மறுநாளே வேகமெடுக்கும். சில சொட்டுகளுக்கு மேலே என்ன கொட்டினாலும் கவலையே இல்லை. பல மாத மழையைக் கலந்து ஒரே சீராக விடும். முதல் வகை தனித்தனி மழைக்காலத்தைப் பதிவு செய்யும். இரண்டாம் வகை நீண்ட காலச் சராசரியைப் பதிவு செய்யும். எந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறீர்களோ அதற்கேற்ற சொட்டு வேண்டும்.

மழைநீரையும் சொட்டுநீரையும் மாதம் ஒருமுறை சிறு குப்பிகளில் பிடித்து வையுங்கள். குப்பியின் கழுத்து வரை நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் இறுக மூடுங்கள். கொஞ்சம் ஆவியானாலும் ஆக்சிஜன் அளவு மாறிவிடும். சொட்டுக்குக் கீழே ஒரு கண்ணாடித் தட்டையும் வைத்துவிட்டு வாருங்கள். சில மாதத்தில் அதன் மேல் வெள்ளைப் படலம் ஒன்று படியும், நகத்தால் சுரண்டினால் மணல் போல் நெறுநெறுக்கும். இன்றைய மழை, இன்றைய வெப்பம், இன்றைய கால்சைட் மூன்றும் உங்கள் கையில். பழைய அடுக்குகளை வாசிக்க இந்தப் படலம்தான் அளவுகோல்.

அறுப்பது

கல் ஆய்வகத்துக்கு வந்ததும் மேல் எது, கீழ் எது என்று அம்புக்குறி போடுங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பிறகுதான் ரம்பம். வைரத்தூள் பதித்த தகட்டால், தண்ணீர் ஓட விட்டு, வளர்ச்சி அச்சின் வழியே நெடுக்காக இரண்டாகப் பிளக்க வேண்டும். அச்சு நடுவில் ஓடும் என்று நம்பாதீர்கள். சொட்டு சற்று நகர்ந்த காலத்தில் அதுவும் சாய்ந்திருக்கும். என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் இருந்தவர். ரம்பத்தை அழுத்தக் கூடாது, அதன் எடைக்கே விட வேண்டும் என்று அவர் சொன்னது இரும்புக்கு. கல்லுக்கும் அதே. அழுத்தினால் நுனியில் மெல்லிய அடுக்குகள் பெயர்ந்துவிடும்.

பால் போல் ஓடும் சேற்றைக் கழுவிவிட்டு, மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து மெருகேற்றிப் பாருங்கள். தேன் நிறமும் வெண்மையும் மாறி மாறி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்த வளைவுகள் தெரியும். சில கற்களில் ஆண்டுக்கு ஒரு கோடு இருக்கும். புறஊதா ஒளியில் அவை ஒளிரும். மண்ணிலிருந்து நீரோடு வந்த கரிமப் பொருள்கள் செய்யும் வேலை. பருவமழையும் கோடையும் தெளிவாகப் பிரிந்த நாடுகளில் இந்தக் கோடுகள் நன்றாக விழும். ஆண்டு முழுக்க ஏதோ ஒரு மழை பெய்யும் நம் பக்கத்தில் இதை நம்பி இறங்க முடியாது.

இந்தக் கட்டத்தில் கண்ணில் பட வேண்டியவை: பழுப்பாகக் குறுக்கே ஓடும் அழுக்குக் கோடு (கல் அங்கே வளர்ச்சியை நிறுத்தியிருக்கலாம்), பஞ்சு போல் துளையுள்ள பகுதி, ஊசி ஊசியாக இருக்கும் அரகோனைட் (கால்சைட்டின் அதே பொருள், படிக வடிவம் வேறு). அரகோனைட்டில் யுரேனியம் தாராளமாக இருக்கும், தேதிக்கு நல்லது. ஆனால் அது பின்னாளில் கால்சைட்டாக உருமாறியிருந்தால், மாறும்போது யுரேனியம் கழுவிக்கொண்டு போயிருக்கும். அந்தத் தேதியை நம்ப முடியாது.

தேதி போடுவது

யுரேனியம் தண்ணீரில் கரையும். தோரியம் ஏறக்குறைய கரையவே கரையாது. இந்த வேறுபாட்டின் மேல்தான் முழு முறையும் நிற்கிறது. சொட்டுநீர் கொஞ்சம் யுரேனியத்தைக் கொண்டுவந்து கால்சைட்டில் பூட்டுகிறது, தோரியத்தைக் கொண்டுவருவதில்லை. பூட்டிய நாளிலிருந்து யுரேனியம்-238 சிதைந்து யுரேனியம்-234 ஆகிறது. அது சிதைந்து தோரியம்-230 ஆகிறது. எனவே இன்று ஒரு அடுக்கில் இருக்கும் தோரியம்-230 எல்லாம் அங்கேயே பிறந்தது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு காலம் ஆனது என்று தெரியும். தோரியம்-230-இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 75,600 ஆண்டு. யுரேனியம்-234-க்குச் சுமார் 2,45,000 ஆண்டு.

கையில் கால்குலேட்டர் எடுங்கள். யுரேனியத்தின் இரண்டு ஐசோடோப்புகளும் (ஒரே தனிமத்தின் வேறு வேறு எடையுள்ள அணுக்கள்) சமநிலையில், அதாவது ஒரே கதிரியக்க அளவில் வந்தன, தொடக்கத் தோரியம் பூஜ்யம் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். தோரியம்-230-இன் கதிரியக்கத்தை யுரேனியம்-238-இன் கதிரியக்கத்தால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அதை 1-லிருந்து கழித்து, இயல் மடக்கை எடுத்து, குறியை மாற்றி, 0.00000917-ஆல் வகுங்கள். விகிதம் 0.10 என்றால் வயது சுமார் 11,500 ஆண்டு. 0.50 என்றால் 75,600. இதே கணக்கை 0.98-க்குப் போடுங்கள்: 4,27,000 ஆண்டு. 0.99-க்கு 5,02,000. விகிதம் நூறில் ஒரு பங்கு நகர்ந்ததும் வயது 75,000 ஆண்டு தாவுகிறது! இந்த முறைக்கு ஏன் எல்லை இருக்கிறது என்று மாணவர்களுக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மிக நுட்பமாக அளக்கும் ஆய்வகங்கள் 6 லட்சம் ஆண்டுக்குச் சற்று மேல் வரை போகின்றன. அதற்கு அப்பால் கை வைக்க வேண்டாம்.

உண்மையான சொட்டுநீரில் யுரேனியம்-234 சமநிலையில் வருவது அரிது, அதனால் மெய்யான சமன்பாட்டில் இன்னொரு உறுப்பு சேரும். அதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

பொடியெடுப்பது கை வேலை. பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு துரப்பணத்தால், ஒரே அடுக்கின் வழியே, வளைவை மீறாமல் சுரண்ட வேண்டும். யுரேனியம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில பத்து மில்லிகிராமிலிருந்து சில நூறு மில்லிகிராம் வரை தேவைப்படும். வழவழப்பான எடைத்தாளில் விழும் வெண்பொடியை விபூதிப் பொட்டலம் போல் மடித்து, சிறு குப்பியில் போட்டு, நுனியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று உடனே எழுதுங்கள். அடுத்த இடத்துக்குப் போகும் முன் ஊசியை அமிலத்தில் கழுவி, மேசையைத் துடைத்து, கையுறையையும் மாற்ற வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. எங்கள் அறையில் குளிர்சாதனத்தையும் அந்த நேரத்துக்கு நிறுத்திவிடுவோம். வியர்வை சொட்டாமல் இருக்க நெற்றியில் துண்டு கட்டிக்கொள்வேன்.

பிறகு நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அளவு தெரிந்த செயற்கை ஐசோடோப்புகளைச் சேர்த்து, பிசின் நிரப்பிய குழாய்களில் யுரேனியத்தையும் தோரியத்தையும் தனித்தனியாகப் பிரித்து, அணுக்களை எடை வாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பார்கள். 1980களின் பிற்பகுதியில் லாரன்ஸ் எட்வர்ட்ஸும் உடனிருந்தவர்களும் பவளப்பாறைகளில் இந்த அளவீட்டை நிறுவிக் காட்டும் வரை, கதிரியக்கச் சிதைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நிறையக் கல் வேண்டும், பிழையும் அதிகம். இன்று நல்ல கல்லில் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே. மின்னசோட்டா, தைப்பே, மெல்பர்ன் போன்ற இடங்களில் இதற்கென்றே பெயர் பெற்ற ஆய்வகங்கள் இருக்கின்றன. அளவீட்டை அவர்களிடம் விடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பொடி சுத்தமாகப் போகிறதா என்பதுதான் உங்கள் பொறுப்பு.

சுத்தம் என்றால் களிமண் இல்லாமல். களிமண்ணோடு வெளித் தோரியமும் உள்ளே நுழையும், கல் தன் வயதைக் கூட்டிச் சொல்லும். இதைக் கண்டுபிடிக்க தோரியம்-232 உதவுகிறது. அது யுரேனியத்திலிருந்து பிறப்பதில்லை, வெளியிலிருந்துதான் வரும். அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அதோடு எவ்வளவு தோரியம்-230 ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று கணித்துக் கழிப்பார்கள். இளம் கற்களில் இந்தத் திருத்தம் வயதையே விழுங்கிவிடும். 800 ஆண்டுக் கல்லுக்கு 300 ஆண்டு திருத்தம் என்று அறிக்கை வந்தால், அதைத் தேதி என்று சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். அந்த அடுக்கை விட்டுவிட்டு வெள்ளையான வேறு அடுக்கைத் தேடுங்கள்.

தேதிகளுக்கு நடுவே

எல்லா அடுக்குக்கும் தேதி போட யாரிடமும் பணம் இல்லை. சில இடங்களில் போட்டுவிட்டு நடுவே கோடு இழுக்க வேண்டும். நுனியிலிருந்து 20 மில்லிமீட்டரில் 1,200 ஆண்டு, 120 மில்லிமீட்டரில் 4,700 ஆண்டு என்று வந்தால், 100 மில்லிமீட்டர் வளர 3,500 ஆண்டு. ஒரு மில்லிமீட்டருக்கு 35 ஆண்டு. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஆக்சிஜனுக்குப் பொடியெடுத்தால் ஒவ்வொரு பொடியும் பதினேழு பதினெட்டு ஆண்டு மழையின் கலவை. அந்தக் கல்லை வைத்துக்கொண்டு ஒரு தனி எல் நினோ ஆண்டைத் தேடுவது வீண்.

நேர்கோடு ஆரம்பத்துக்குப் போதும். பிறகு ஸ்டால்ஏஜ், கோப்ரா போன்ற மென்பொருள்களில் போட்டுப் பிழை எல்லையோடு வரையுங்கள். ஆழம் கூடக் கூட வயதும் கூடியே ஆக வேண்டும் என்ற விதியை அவை விடாது. அந்தப் பழுப்புக் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் தனித்தனியாகத் தேதி போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவே ஆயிரம் ஆண்டு காணாமல் போயிருந்தால் மென்பொருள் அதன் மேல் பாலம் கட்டிவிட்டுப் போய்விடும்.

மழையை வாசிப்பது

ஆக்சிஜன் அணுக்களில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒன்று கனமானது, ஆக்சிஜன்-18. மேகத்திலிருந்து மழை விழும்போது கனமானது முதலில் இறங்கும். பெரிய மேகக் கூட்டங்கள் தொடர்ந்து கொட்டும்போது மிஞ்சும் ஈரத்தில் ஆக்சிஜன்-18 குறைந்துகொண்டே போகும். அதனால் நம் வெப்பமண்டலத்தில் மழை கூடினால் ஆக்சிஜன்-18 குறையும், வறண்டால் கூடும். 1964-இல் டேன்ஸ்கார்ட் இதை உலக அளவில் எடுத்துக்காட்டினார். சொட்டு அந்த அளவைக் குகைக்குள் கொண்டுவருகிறது, கால்சைட் அதை வைத்துக்கொள்கிறது.

கேட்க எளிது. ஆனால் அதே எண்ணை வேறு சிலவும் நகர்த்தும். குகை ஒரு டிகிரி குளிர்ந்தால் கால்சைட்டில் ஆக்சிஜன்-18 ஆயிரத்தில் 0.2 அளவு கூடும். பனியுகத்தில் லேசான ஆக்சிஜன் துருவப் பனியில் பூட்டிக்கொண்டதால், கடலே ஆயிரத்தில் ஏறக்குறைய 1 அளவு கனத்திருந்தது. அப்போது கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே. மலாய் தீபகற்பமும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலம். கோலாலம்பூர் இருக்கும் இடத்திலிருந்து போர்னியோவில் உள்ள சரவாக்குக்கு நடந்தே போகலாம். மழைமேகம் எங்கிருந்து ஈரம் எடுத்தது என்பதே மாறியிருக்கும். இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் மழை என்று பேச வேண்டும்.

கனமான கார்பனாகிய கார்பன்-13 தனியாகப் பேசும்போது நம்பாதீர்கள், கூட்டாகப் பேசும்போது கேளுங்கள். காட்டு மரங்களும் ரப்பரும் செம்பனையும் ஒரு வகை ஒளிச்சேர்க்கை. லாலான் புல்லும் கரும்பும் மக்காச்சோளமும் வேறு வகை, அவற்றில் கார்பன்-13 தெளிவாக அதிகம். மலை மேல் காடு போய் லாலான் வந்தால் கீழே கல்லில் அது தெரியும். ஆனால் வறட்சியில் நீர் மெதுவாக இறங்கும்போது கூரைக்கு மேலேயே கொஞ்சம் கால்சைட் படிந்துவிடும். அதுவும் கார்பன்-13-ஐக் கூட்டும். வழியிலேயே கால்சைட் படிந்திருந்தால், கல்லில் கால்சியத்துக்கு எதிரான மக்னீசிய விகிதமும் சேர்ந்து உயரும். ஆக்சிஜன், கார்பன், மக்னீசியம் மூன்றும் ஒரே திசையில் போனால் வறட்சி என்று சொல்லத் துணிவு வரும்.

எல்லாவற்றுக்கும் முன் ஹெண்டி சோதனை என்று ஒன்று செய்வார்கள். ஒரே அடுக்கில் நடுவிலிருந்து ஓரம் வரை பல பொடி எடுத்துப் பார்ப்பது. ஓரம் போகப் போக ஆக்சிஜனும் கார்பனும் சேர்ந்து ஏறினால், அந்தக் கல் மழையைவிட ஆவியாதலையும் அவசரமாக வெளியேறிய வாயுவையும் பதிவு செய்திருக்கிறது. என் கணிப்பில் இந்தச் சோதனைக்கு இன்னும் கொடுக்கும் பழைய மரியாதை அதன் தகுதிக்குக் கொஞ்சம் அதிகம். ஒரே அடுக்கைத் தவறாமல் பின்தொடர்வது மெல்லிய அடுக்குகளில் கிட்டத்தட்ட முடியாத காரியம். அதே குகையில் இன்னொரு கல்லும் அதே வளைவைக் காட்டுகிறதா என்று பார்ப்பதே வலுவான சோதனை. இரண்டு கற்களுக்கும் சொட்டு வழி வேறு, காற்று வேறு. இரண்டும் ஒத்துப் போனால் பொதுவானது வெளியே பெய்த மழை.

சரவாக்கின் குனோங் முலு, குனோங் பூடா பகுதிக் குகைகளில் ஜட் பார்ட்டின், கிம் காப் குழுவினர் செய்தது இதைத்தான். 2007-இல் அவர்கள் வெளியிட்ட 27,000 ஆண்டுப் பதிவு மூன்று கற்களை ஒன்றோடொன்று பொருத்தியது. வடக்கு அட்லாண்டிக்கில் பனிமலைகள் கூட்டமாக மிதந்து உருகிய காலத்தில், அதாவது 16,000 ஆண்டுகளுக்குச் சற்று முன்பு, போர்னியோவில் மழை குறைந்திருக்கிறது. அவ்வளவு தூரத்துச் சேதி சரவாக் காட்டுக்குள் ஒரு சொட்டில் வந்து விழுந்திருக்கிறது! சீனாவில் நான்ஜிங் அருகே ஹூலு குகையின் ஐந்து கற்களிலும் கிரீன்லாந்துப் பனியில் பதிவான வெப்பநிலை ஏற்ற இறக்கம் தெரிந்தது 2001-இல் வந்த செய்தி.

மாற்று உதாரணமும் வேண்டும். மேகாலயாவில் சிரபுஞ்சிக்கு அருகே உள்ள மாவ்ம்லூ குகையின் ஒரு கல்முளை, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்ததைக் காட்டியது. அதை வைத்தே 2018-இல் நிலவியல் காலத்தின் இப்போதைய பகுதிக்கு மேகாலயன் என்று பெயர் வைத்தார்கள். அதே குகையில் வேறு கல்லை இன்னும் நெருக்கமாகத் தேதியிட்டுப் பார்த்தவர்களுக்கு, ஒரேயடியாக விழுந்த வறட்சிக்குப் பதிலாகப் பல வறட்சிகளின் தொடர் தெரிந்தது. ஒரு கல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கட்டுரை எழுத வரும் மாணவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு வரைபடங்களையும்தான்.

ஆய்வகம் இல்லாதவர்களுக்கு

பள்ளி மாணவர்களும் செய்யக்கூடிய பகுதி இருக்கிறது. உலகெங்கும் அளந்த கல்முளைத் தரவுகளை சிசல் என்ற தொகுப்பில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நோவா அமைப்பின் பழங்காலநிலைக் களஞ்சியத்திலும் கிடைக்கும். முலுவின் தரவை இறக்கி, எக்செலில் வயதைக் கிடை அச்சிலும் ஆக்சிஜனைச் செங்குத்து அச்சிலும் போடுங்கள். செங்குத்து அச்சைத் தலைகீழாகத் திருப்பிவிடுங்கள். மேலே போனால் மழை அதிகம் என்று கண்ணுக்குப் பழகும். பிறகு தேதி போட்ட இடங்களை மட்டும் சிவப்புப் புள்ளியாக வையுங்கள். எந்தச் சரிவின் அருகே சிவப்புப் புள்ளி நெருக்கமாக இருக்கிறது, எந்தச் சரிவு இரண்டு தேதிக்கு நடுவே அந்தரத்தில் தொங்குகிறது என்று பார்த்து, இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். ஆசிரியர் அனுமதித்தால் குகைச் சுற்றுலாவில் ஒரு சொட்டின் கீழ் நின்று, நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி, தேதியும் அன்றைய மழையும் சேர்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பு மாணவர்கள் அதே சொட்டில் தொடரலாம்.

கல்லையே அறுத்தவர்களுக்கு ஒரு கடைசி வேலை: பிளந்த பாதிகளில் ஒன்றைத் தொடாமல் வைத்துவிடுங்கள். எந்தக் குகை, எந்த அறை, எந்தச் சொட்டு, எந்த அனுமதிக் கடிதம் என்பதை மங்காத மையில் எழுதி அதோடு கட்டுங்கள். பத்தாண்டு கழித்து இன்னும் நுட்பமான கருவியோடு ஒருவர் வந்து உங்கள் தேதியைச் சரிபார்க்கக் கேட்பார், அவருக்கு அந்தப் பாதி வேண்டும்.